சிப்பிக் குஞ்சின் முதல் இரண்டு நாட்கள்: கடல் அமிலமாவதைப் பற்றி

கேள்வி இதுதான்: கடல்நீரின் பிஎச் 8.1 என்கிறார்கள். 7-க்கு மேல் என்றால் காரம்தானே? அப்படியிருக்க "கடல் அமிலமாகிறது" என்று ஏன் பயமுறுத்துகிறார்கள்? சிப்பி, பவளம், மீன் இவற்றுக்கெல்லாம் உண்மையிலேயே ஏதாவது ஆகிறதா? நாம் சாப்பிடும் மீனுக்கு ஆபத்து உண்டா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். கடலில் குளித்தால் தோல் எரியாது, இதனால் படகின் அடிப்பாகம் அரிக்காது. கடல் இன்னும் காரம்தான், இந்த நூற்றாண்டுக்குள் 7-க்குக் கீழே இறங்கப்போவதும் இல்லை. ஆனால் இந்த 7 என்பது நம் பள்ளிக்கூட வேதியியலுக்கு முக்கியமான எண்ணே தவிர, ஓடு கட்டி வாழும் உயிர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. தண்ணீரில் கார்பனேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் அவற்றின் கணக்கு. அந்தக் கணக்கில்தான் துண்டு விழுகிறது.

நாம் காற்றில் விடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. வாங்காமல் இருந்திருந்தால் பூமி இதைவிடச் சூடாகியிருக்கும், அந்த வகையில் நமக்கு அது உபகாரம். தண்ணீரில் கரைந்த வாயு கார்பானிக் அமிலமாகி, உடனே பிரிந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. பிஎச் இறங்குவது இதனால்தான். அந்த ஹைட்ரஜனும் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் ஓடும் கூடும் கட்டுவது கால்சியம் கார்பனேட்டில். கால்சியம் கடலில் கொட்டிக் கிடக்கிறது, அதற்குப் பஞ்சமே இல்லை. கரைந்திருக்கும் கரிமத்தில் மிகப் பெரும்பங்கு பைகார்பனேட். கார்பனேட் சுமார் பத்தில் ஒரு பங்குதான், அதுதான் குறைந்துகொண்டே போகிறது.

எவ்வளவு குறைந்திருக்கிறது? தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கடல் மேற்பரப்பின் பிஎச் 8.2 அளவிலிருந்து 8.1-க்கு வந்திருக்கிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். பிஎச் மடக்கை அளவு என்பதால் 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறிவிட்டது என்று பொருள். புகை குறையாமல் இப்படியே போனால் 2100-க்குள் இன்னும் சுமார் 0.3 இறங்கும் என்பது கணிப்பு. 0.3 என்றால் இரண்டு மடங்கு. இது வெறும் கணினிக் கணக்கும் அல்ல. ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே ஆழ்கடலில் அலோகா என்ற ஓர் இடத்தில் 1988 முதல் தொடர்ந்து தண்ணீர் எடுத்து அளக்கிறார்கள். காற்றில் வாயு ஏற ஏற அங்கே பிஎச் இறங்குவது வரைபடத்தில் பளிச்சென்று தெரியும்.

இங்கே பலரும் ஒரு தப்பான படத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். புளித்த தண்ணீரில் சிப்பி ஓடு கரைந்துபோவது போல. அப்படிக் கரைவதும் சில இடங்களில் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பது கரைவது அல்ல, செலவு கூடுவது. செங்கல் விலை ஏறினால் ஊரில் வீடு கட்டுவது நின்றுவிடாது. கையில் காசு உள்ளவன் கட்டிக்கொண்டேதான் இருப்பான், கடன் வாங்கிக் கட்டுகிறவன் அஸ்திவாரத்தோடு நிறுத்துவான். கடல் உயிர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பாதிப்பு வராததற்குக் காரணம் இதுதான். கார்பனேட் குறைவதுதான் சிக்கலா, இல்லை ஓடு கட்டும்போது உடலுக்குள் சேரும் ஹைட்ரஜனை வெளியே தள்ளுவதுதான் சிக்கலா என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. இரண்டில் எது சரியானாலும் செலவு கூடுகிறது.

இதைக் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொன்னால்தான் விளங்கும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன் மாநிலம், நெட்டார்ட்ஸ் விரிகுடா. அங்கே விஸ்கி கிரீக் என்று ஒரு சிப்பி ஹேச்சரி இருக்கிறது. நம் ஊர் இறால் ஹேச்சரி மாதிரிதான் வேலை: சினைச் சிப்பிகளை முட்டையிட வைத்து, குஞ்சுகளைத் தொட்டிகளில் வளர்த்து, கரையோரச் சிப்பிப் பண்ணைகளுக்கு விற்பது. வளர்ப்பது ஜப்பானிலிருந்து போன நூற்றாண்டில் கொண்டுவந்த பசிபிக் சிப்பி. குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளும் பருவத்துக்கு வந்ததும் வடிகட்டி, ஈரத் துணியில் சுற்றி, குளிர்ப்பெட்டியில் வைத்து கூரியரில் அனுப்புவார்கள். கைக்குள் அடங்கும் ஒரு சின்ன உருண்டையில் பல லட்சம் குஞ்சுகள் இருக்கும்.

2007-ல் அங்கே குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. தொட்டி தொட்டியாக, அடியில் வெளிறிய மண் மாதிரிப் படிந்து கிடந்தன. முதல் சந்தேகம் வைப்ரியோ பாக்டீரியா மேல். ஹேச்சரி நடத்துகிற யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். தண்ணீரைச் சுத்திகரிக்கச் செலவு செய்து ஏற்பாடு போட்டார்கள். பாக்டீரியா போயிற்று, சாவு நிற்கவில்லை. 2008-ல் உற்பத்தி நான்கில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிட்டது. மேற்குக் கரையில் சொந்தமாக ஹேச்சரி இல்லாத பண்ணைக்காரர்களில் பெரும்பாலோர் இவர்களிடம்தான் குஞ்சு வாங்கி வந்தார்கள். ஆக, ஒரு கம்பெனியின் நஷ்டம் என்று அதை ஒதுக்க முடியாமல் போயிற்று. வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் வில்லாப்பா விரிகுடாவிலும் சில வருடங்களாகவே இயற்கையாகக் குஞ்சு பிடிப்பது நின்றுபோயிருந்தது.

ஹேச்சரியின் ஆய்வாளர் ஆலன் பார்ட்டனும், ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸும் தண்ணீரின் கரிம வேதியியலை அளந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கோடையில் அந்தக் கரையில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும். மேல்தண்ணீர் கரையை விட்டு வெளியே தள்ளப்பட, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். இந்தத் தண்ணீரில் மட்கிய உயிர்க்கழிவுகளால் கரியமில வாயு இயல்பாகவே அதிகம். அதோடு, அது கடைசியாகக் கடலின் மேற்பரப்பில் இருந்து காற்றைத் தொட்டது ஏறக்குறைய 30 முதல் 50 ஆண்டுகளுக்கு முன்பு. அன்றைய காற்றில் நாம் விட்டிருந்த கூடுதல் வாயுவையும் அது சுமந்து வருகிறது. அதாவது 2007-ல் மேலே வந்தது 1960-கள், 70-களின் புகை. இன்றைய புகையை வாங்கிய தண்ணீர் இனிமேல்தான் வர வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அடித்தண்ணீர் ஏறி வருவது காலம் காலமாக நடப்பது, மனிதன் செய்ததல்ல. மொத்த வாயுவில் மனிதன் சேர்த்த பங்கு சிறியதுதான். ஆனால் ஏற்கெனவே விளிம்பில் இருந்த தண்ணீரை அந்தச் சிறு பங்கு அப்பால் தள்ளிவிடுகிறது. "எல்லாம் மனிதப் புகையால்" என்று எழுதுகிறவர்களும், "இது இயற்கைதான், போங்கள்" என்கிறவர்களும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

சரி, குஞ்சுகள் ஏன் செத்தன? வளர்ந்த சிப்பிகள் அதே விரிகுடாவில் நன்றாகத்தானே இருந்தன? கருவுற்ற முட்டை கிட்டத்தட்ட 2 நாட்களுக்குள் தன் முதல் ஓட்டைக் கட்டி முடித்தாக வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஆங்கில டி எழுத்து வடிவத்தில் கண்ணாடி போல இருக்கும். அந்த வயதில் அதற்கு வாயும் குடலும் இன்னும் சரியாக உருவாகவில்லை, வெளியிலிருந்து எதையும் சாப்பிட முடியாது. தாய் முட்டையில் வைத்துக் கொடுத்த கொழுப்புதான் மொத்தக் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு, உடலின் எடையில் பெரும்பகுதி ஓடு என்று ஆகும் வரை வேகவேகமாகக் கட்ட வேண்டும். போதாததற்கு, வளர்ந்த பசிபிக் சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட் என்ற உறுதியான வகை. குஞ்சின் ஓடோ அரகோனைட், அதைவிட எளிதில் கரையும் வகை. முத்துச்சிப்பியின் உள்பக்கம் மினுமினுப்பதும் இந்த அரகோனைட்தான்.

தண்ணீரில் கார்பனேட் குறைந்திருந்தால் ஓடு கட்டவே கையிருப்பு தீர்ந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால் குஞ்சு உடனே சாகாது. ஓட்டைக் கட்டிவிடும், நீந்தும், பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். சாப்பாட்டுக்கு மாற வேண்டிய நேரத்தில் தெம்பு இல்லாமல், வளராமல், சில நாட்கள் கழித்துச் சாகும். காரணம் நடந்த நாளும் சாவு நடந்த நாளும் வேறு வேறு என்பதால்தான் ஹேச்சரிக்காரர்களுக்கு இவ்வளவு காலம் புரியாமல் போயிற்று. அதே பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வால்ட்பஸர் குழு பின்னர் பிஎச், கரியமில வாயு, கார்பனேட் நிறைவு (ஓடு கட்டத் தண்ணீரில் கார்பனேட் எவ்வளவு போதுமானதாக இருக்கிறது என்ற அளவு) மூன்றையும் தனித்தனியாக மாற்றிச் சோதித்துப் பார்த்தது. குஞ்சைத் தீர்மானிப்பது கார்பனேட் நிறைவுதான், பிஎச் அல்ல என்று தெரிந்தது. உங்கள் முதல் கேள்விக்கு நேரடி பதில் அந்தச் சோதனையில் இருக்கிறது.

தீர்வும் எளிமையாகவே கிடைத்தது. விரிகுடாவில் கடற்புல் நிறைய. பகலில் அது ஒளிச்சேர்க்கை செய்து வாயுவை இழுத்துக்கொள்வதால் மாலைக்குள் தண்ணீர் தேறிவிடும், ராத்திரி முழுக்க எல்லா உயிரும் மூச்சு விடுவதால் விடியற்காலையில் மோசமாக இருக்கும். ஆகவே காலையில் தொட்டி நிரப்பும் வழக்கத்தை விட்டு மத்தியானத்துக்கு மேல் நிரப்பினார்கள். அது போதாத நாட்களில் சோடியம் கார்பனேட் சேர்த்தார்கள். நம் வீட்டுச் சலவைச் சோடாவேதான். தண்ணீரை அளக்கும் கருவி இருந்ததால் எவ்வளவு சேர்ப்பது என்று தெரிந்தது, உற்பத்தியும் மீண்டது. வாஷிங்டன் மாநில அரசு இந்தப் பிரச்சினைக்கென்றே ஒரு நிபுணர் குழுவை அமைத்து 2012-ல் அறிக்கை வாங்கியது. ஹேச்சரிக்கு வழி பிறந்தது, ஆனால் திறந்த கடலில் யார் போய்ச் சலவைச் சோடா கொட்டுவது?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும், நல்ல கேள்விதான். டைனோசர் காலத்தில் காற்றில் கரியமில வாயு இன்றைவிடப் பல மடங்கு இருந்ததே, அப்போது சுண்ணாம்பு ஓட்டு உயிர்கள் செழிக்கவில்லையா? செழித்தன. இங்கிலாந்தின் டோவர் கரையிலுள்ள வெள்ளைப் பாறைகளே அந்தக் காலத்து நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள்தான். வித்தியாசம் வேகத்தில். வாயு பல லட்சம் ஆண்டுகளில் மெல்ல ஏறினால், மழை பாறைகளை அரித்துக் காரத்தை ஆற்றின் வழியே கடலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பிஎச் குறைவாக இருந்தாலும் கார்பனேட் நிறைவு குறையாது. 200 ஆண்டுகளில் ஏற்றினால் பாறைக்கு அவகாசம் இல்லை. வேகமாக ஏறிய காலத்துக்கும் பூமியில் சாட்சி உண்டு. சுமார் 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கரிமம் வெளியாகி, ஆழ்கடல் தரையின் சுண்ணாம்புப் படிவமே கரைந்து வெறும் செங்களிமண் அடுக்கு மிஞ்சியது. ஆழ்கடலில் வாழ்ந்த ஓட்டு நுண்ணுயிர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அழிந்தன. அதுகூட ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்தது, நம் வேகம் அதைவிட அதிகம்.

ஓடு நேரடியாகக் கரையும் இடங்களுக்கு வருகிறேன். குளிர்ந்த தண்ணீர் அதிக வாயுவைக் கரைத்துக்கொள்ளும், ஆகையால் துருவக் கடல்கள்தான் முதலில் அடிபடுகின்றன. அங்கே கடல் வண்ணத்துப்பூச்சி என்று அழைக்கப்படும் ஒரு நத்தை உண்டு. பயறு அளவுதான் இருக்கும், பாதம் இரண்டு சிறகாக விரிந்து தண்ணீரில் அடித்துக்கொண்டு நீந்தும், ஓடு மெல்லிய அரகோனைட். இளஞ்சிவப்புச் சால்மன் மீன் முதல் திமிங்கிலம் வரை பலவும் இதைத் தின்கின்றன. தென்முனைப் பெருங்கடலில் உயிரோடு பிடித்த நத்தைகளின் ஓட்டிலேயே அரிப்பு இருப்பதை 2012-ல் காட்டினார்கள். அமெரிக்க மேற்குக் கரையை ஒட்டிப் பிடித்தவற்றில் பாதிக்கு மேல் கடுமையான அரிப்பு இருந்தது. ஆனால் இந்த நத்தை நாம் நினைத்த அளவுக்கு அநாதையும் அல்ல. ஓட்டின் மேல்தோல் கிழியாத இடத்தில் அரிப்பு ஏறுவதில்லை, அரித்த இடத்தை உள்ளிருந்து தடிப்பாக்கி அடைத்துக்கொள்கிறது என்று வேறு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒட்டுவேலைக்கும் தெம்பு வேண்டும், மறுபடியும் செலவுக் கணக்குதான்.

பவளத்தைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. இன்றைக்குப் பவளத்தைக் கொல்வது வெப்பம், அமிலம் இரண்டாவது வரிசையில்தான். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளிறிச் செத்ததற்குக் காரணம் கடல் சூடானது. அதற்கு முன்பு தூத்துக்குடித் தீவுகளில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியே நாம் பெரும் சேதம் செய்திருந்தோம். அதையெல்லாம் அமிலத்தின் கணக்கில் எழுதக்கூடாது. ஆனால் செத்த பவளம் மறுபடி வளர்ந்து எழும் வேகத்தை அமிலம்தான் குறைக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஒன் ட்ரீ தீவு என்ற இடத்தில் இதை அழகாகச் சோதித்தார்கள். வற்றும்போது குளம் மாதிரி ஆகும் ஒரு திட்டின் மேல் ஓடும் தண்ணீரில் காரம் கலந்து, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு வேதியியலைத் திருப்பினார்கள். சுண்ணாம்பு படிவது சுமார் 7 சதவீதம் கூடியது. பிறகு அங்கேயே வாயுவைக் கூட்டி எதிர்கால நிலைக்குக் கொண்டுபோனார்கள், படிவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதாவது இழப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

பல தலைமுறை கழித்து என்ன ஆகும் என்பதற்கு ஆய்வகத் தொட்டி போதாது. அதற்குக் கடலடியில் எரிமலை வாயு குமிழ் குமிழாகக் கசியும் இடங்களைத் தேடிப் போகிறார்கள். பப்புவா நியூகினியின் மில்ன் விரிகுடாவில் அப்படிக் கசியும் திட்டுகளில் பவளத்தின் மொத்தப் பரப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் கிளை விரித்து வளரும் வகைகள் மறைந்து, உருண்டைக் கல் போன்ற பவளங்கள் அந்த இடத்தை நிரப்பியிருந்தன. மீன் குஞ்சும் நண்டும் ஒளியும் சந்து பொந்துகள் போய்விட்டன. பிஎச் 7.7-க்குக் கீழே திட்டு உருவாகவே இல்லை. இத்தாலியின் இஸ்கியா தீவை ஒட்டிய கசிவில் கடல் முள்ளெலிகளும் சுண்ணாம்புப் பாசிகளும் ஒதுங்கிவிட, கடற்புல் மட்டும் வாயுக் குமிழ்களுக்கு நடுவே அடர்ந்து நிற்கிறது. கடற்புல்லுக்குக் கரியமில வாயு உணவுதானே.

மீன்? இங்கேதான் நீங்கள் படித்திருக்கக்கூடிய செய்தி ஒன்றைத் திருத்த வேண்டும். 2009 வாக்கில் கோமாளி மீன் குஞ்சுகள் அமிலமான தண்ணீரில் மோப்பம் கெட்டு, தம்மைத் தின்ன வரும் மீனின் வாசனையை நோக்கியே போகின்றன என்று ஆய்வுகள் வந்து உலகமெங்கும் பரபரப்பானது. 2020-ல் வேறொரு குழு ஆறு வகை மீன்களில் 900-க்கு மேற்பட்டவற்றை வைத்து, வீடியோ ஆதாரத்தோடு மறுபடி செய்து பார்த்தது. சொல்லும்படியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. மொத்த ஆய்வுகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தவர்கள், ஆரம்ப ஆய்வுகளில் பிரமாண்டமாக இருந்த விளைவு பத்தாண்டுகளில் தேய்ந்து கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதைக் காட்டினார்கள். மீனின் செவுள்கள் இரத்தத்தின் காரத்தைச் சரிசெய்துகொள்ளும் திறமை உடையவை, சிப்பிக்கு அந்த வசதி இல்லை. மீன் மோப்பக் கதையை இன்னும் மேற்கோள் காட்டுகிறவர்கள் நல்ல வழக்கைப் பலவீனப்படுத்துகிறார்கள் என்பேன். அதற்காக மீனுக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அட்லாண்டிக் காட் மீனின் லார்வாக்கள், செவுள் உருவாவதற்கு முந்தைய பருவத்தில், இந்த நூற்றாண்டின் கடைசியில் எதிர்பார்க்கப்படும் நிலையில் இரண்டு மடங்கு வேகத்தில் செத்தன. இங்கேயும் அடிபடுவது பச்சிளம் பருவம்தான்.

நண்டு, இறால், கல்லிறால் சிலவற்றுக்கு ஆய்வகத்தில் ஓடு தடித்தே போயிற்று. அந்தச் சோதனைகளில் ஊட்டிய வாயுவின் அளவு மிக அதிகம், தவிர ஓடு தடித்ததற்கான விலையை உடலில் வேறெங்காவது கொடுத்திருக்கும். அதை வைத்து நண்டுக்கு நல்ல காலம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், உள்ளூரில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சாக்கடையும் உரமும் கடலில் கலந்தால் பாசி பெருகும், பாசி செத்து மட்கும்போது அதுவும் கரியமில வாயுவை விடும். கழிமுகங்களில் இந்தப் பங்கு சின்னதல்ல, அதைத் தடுப்பது மாநகராட்சியின் கையிலேயே உள்ள வேலை. கடலில் காரத் தூளைத் தூவுவது பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. ஆண்டுதோறும் நாம் விடும் வாயு ஆயிரக்கணக்கான கோடி டன்களில் என்பதால் அதற்கு ஈடாகச் சுரங்கம் தோண்டி அரைத்துக் கொட்ட வேண்டிய பாறையின் அளவை நினைத்தால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. வானத்தில் துகள்களைத் தூவி வெயிலைக் குறைக்கும் யோசனை பூமியைக் குளிர வைத்தாலும் இதற்கு உதவாது, வாயு காற்றிலேயே இருக்கும், கடலும் வாங்கிக்கொண்டே இருக்கும். மிஞ்சுவது புகையைக் குறைப்பது மட்டும்தான். அதை இன்றே செய்தாலும், ஆரிகன் கரைக்கு அடுத்த சில பத்தாண்டுகளில் ஏறி வரப்போகும் தண்ணீர் ஏற்கெனவே கடலுக்கடியில் புறப்பட்டுவிட்டது. வாஷிங்டன் மாநிலத்துச் சிப்பிக் கம்பெனி ஒன்று இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, குஞ்சு வளர்க்கும் வேலையை ஹவாயின் ஹீலோவுக்கு மாற்றிக்கொண்டது. குஞ்சுகள் அங்கே முதல் ஓட்டைக் கட்டிக்கொண்டு பசிபிக்கைத் தாண்டி விமானத்தில் வருகின்றன.